பிரிக்கப்படாத பூட்டு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2024-ல் நடந்த ஒரு வழக்கில் சின்னஞ்சிறு கேபிள் பூட்டு ஒன்றைப் பற்றியும் சாட்சியம் சொல்லப்பட்டது. துப்பாக்கியில் தோட்டா ஏறும் வழியில் கம்பியை நுழைத்துப் பூட்டிவிட்டால், அதைக் கொண்டு யாராலும் சுட முடியாது. கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் இப்படி ஏதாவது ஒரு பாதுகாப்புச் சாதனத்தையும் சேர்த்தே தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வழக்கில் சிக்கிய வீட்டிலிருந்த பூட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

2021 நவம்பர் 26 அன்று அப்பா, 15 வயது மகனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கைத்துப்பாக்கியை வாங்கினார். நான்காம் நாள் அது மகனின் பையில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போனது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். வீட்டில் பெட்டகமும் இருந்தது. அதன் ரகசிய எண், வாங்கியபோது இருந்தபடியே 000. தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை. சிறுவர்கள் வந்துபோகும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்ற மிச்சிகன் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த நான்கு பிள்ளைகளுக்கு அது காலம் கடந்த சட்டம்.

‘எங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறோம், பிள்ளைக்குத் தெரியாது’ என்று சொல்லும் பெற்றோரே அதிகம். ‘தொடக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம்’ என்பது அடுத்த பதில். இரண்டையும் நம்ப முடியாது. அட்லாண்டாவில் 8 முதல் 12 வயதுவரையுள்ள சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விளையாடவிட்டார்கள். இழுப்பறையில் தோட்டா இல்லாத நிஜத் துப்பாக்கி. 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. பலர் கையில் எடுத்தார்கள். சிலர் விசையையும் அழுத்தினார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள்! 2001-ல் வெளியான ஆய்வு இது. பத்து வயதுப் பையனின் ஆர்வத்துக்கு முன்னால் புத்திமதி நிற்காது, பூட்டு நிற்கும்.

திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் விரல் ரேகை வைத்தால் சில நொடிகளில் திறக்கும் பெட்டிகள் இன்று கடையில் கிடைக்கின்றன. என்றோ வரக்கூடிய திருடனுக்காக, அன்றாடம் வீட்டில் ஓடியாடும் குழந்தையைப் பணயம் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழந்தைகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். 2009-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், ஒரு வாரத்துக்குள் வாங்கிய கையோடு உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் உடைந்துபோனார். அதன் பிறகு அங்குள்ள துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுநல ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து, வாடிக்கையாளரின் மனவேதனையை எப்படிக் கண்டுகொள்வது, எப்போது விற்க மறுப்பது என்று வழிகாட்டிகள் தயாரித்தார்கள். வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால் அவர் தேறும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டே அகற்றிவையுங்கள் என்று கடைகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் வேகம் பல நேரங்களில் குறுகிய காலத்தில் எழுந்து அடங்கிவிடுவது. அதைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பலர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கியை எதிர்ப்பவர்கள் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காத பேச்சு, விற்பவர்களே சொன்னதால் ஏறியது.

நம் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் வளர்கிறார்கள். சனிக்கிழமை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, அங்கே நாய் இருக்கிறதா, நிலக்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்லியாயிற்றா என்று பார்க்கிற அம்மாக்கள், ‘உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டியிருக்கிறதா? தோட்டாவைத் தனியே பூட்டியிருக்கிறீர்களா?’ என்று கேட்கத் தயங்குகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்வி இது. பொறுப்பாக வைத்திருப்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். யாராவது கோபித்துக்கொண்டால், அந்த நண்பனை உங்கள் வீட்டுக்கு விளையாட வரச் சொல்லுங்கள்.