குங்கிலியமும் கச்சா எண்ணெயும்

டாலிகஞ்சில் விளக்கு வைக்கும் வேளையில் பல வீடுகளிலிருந்து தூனோப் புகை எழும். தேங்காய் நார்க் கனலில் தூவுகிறார்களே, அது வேறொன்றுமன்று. நம் ஊர்க் கோயில்களில் மணக்கும் குங்கிலியந்தான். சால மரத்தின் பிசின். அதே குடும்பத்து மரங்களின் பிசினுக்கு அஸ்ஸாம் கச்சா எண்ணெயிலும் பங்குண்டு என்றால் நண்பர்கள் நம்புவார்களா?

பெட்ரோலியம் பழங்காலப் பெரும் பல்லிகளின் கொழுப்பு என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது தவறு. பெரும்பாலும் கடலடியிலும் ஏரியடியிலும் படிந்த நுண்பாசிகளும் பாக்டீரியாக்களுமே அதன் மூலம். கழிமுகங்களில் நிலத் தாவரங்களும் சேரும். புதைந்து, சூடேறி, சிதைந்தபின் அவற்றில் மிகுதியானவை அடையாளமிழந்துவிடுகின்றன. ஆனால் சில மூலக்கூறுகளின் எலும்புக்கூடு மட்டும் உடைவதில்லை. கதவும் சன்னலும் களவுபோன வீட்டின் சுவரைப் பார்த்தே கட்டியவன் யாரென்று கொத்தனார் சொல்வதில்லையா? அப்படித்தான்.

இதனை முதலில் கண்டவர் ஜெர்மானியரான ஆல்ஃபிரட் டிரைப்ஸ். 1934இல், எண்ணெயிலும் பாறையிலும் உள்ள போர்ஃபிரின்கள் இலைப் பச்சையத்தின் மிச்சமே என்று அவர் காட்டினார். பச்சையத்தின் நடுவிலிருந்த மக்னீசியம் போய், வனேடியம் அவ்விடத்தில் குடியேறியிருந்தது! பின்னர் வந்தவர்கள் பாக்டீரியாவின் உயிரணுச் சவ்விலிருந்து வரும் ஹோபேனையும், நம் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலின் இனத்தைச் சேர்ந்த ஸ்டிரேன்களையும் கண்டனர். எண்ணெயை ஆவியாக்கிப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் எடையால் அறியும் கருவிகள் இன்று உள்ளன.

இனி நம் நாட்டு எண்ணெய்க்கு வருவோம். ராஜஸ்தானத்துப் பாகேவாலாவில் 1991இல் கண்ட கெட்டி எண்ணெய் 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறையில் பிறந்தது. பூக்கும் தாவரங்களுக்கே உரிய ஒலியனேன் அதில் இல்லை. அன்று உலகில் பூவே இல்லையே! 1889இல் டிக்பாயில் கிணறு தோண்டினார்களே, அந்த மேல் அஸ்ஸாமின் எண்ணெயிலோ ஒலியனேன் உண்டு. அதன் மூலப்பாறைக்கு வயது சில கோடி ஆண்டுகளே.

ஒலியனேனோடு பைகாடினேனும் அங்கே கிடைக்கிறது. குங்கிலியம் என்பது 15 கரியணுக்கள் கொண்ட காடினீன் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. நிலத்தடிச் சூட்டில் சங்கிலி அறுந்து, இரண்டு அலகுகள் ஒன்றாகி, 30 கரியணு கொண்ட பைகாடினேன் ஆகிறது. இதைப் பெரிய அளவில் தருவது சால மரக் குடும்பமே.

இதனால் ஒரு பழைய வழக்கும் மீண்டும் விசாரணைக்கு வந்தது. போர்னியோக் காடுகளை ஆளும் இக்குடும்பம் அங்கிருந்துதான் இந்தியாவுக்குக் குடிவந்தது என்று பலர் கருதியிருந்தனர். (குடிபெயர்ந்தோர் கதை என்றால் நமக்குக் காது தானே நீளும்!) ஆனால் குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த அம்பர் 5 கோடி ஆண்டுக்கு முற்பட்டது, அதன் மூலக்கூறுகளும் இதே குடும்பத்தைச் சுட்டின. 2010இல் இச்செய்தி வெளியாயிற்று. இந்திய நிலம் ஆசியாவுடன் மோதத் தொடங்கிய காலத்திலேயே இம்மரங்கள் இங்கே இருந்தன என்று ஆயிற்று. 2022இல் வெளியான மகரந்த ஆய்வு இன்னும் பின்னே சென்றது: ஆப்பிரிக்காவில் பிறந்த குடும்பம், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முன் இந்தியாவை அடைந்து, இங்கிருந்தே தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயிற்று.