வயல் கொசு கொண்டுவரும் மூளைக் காய்ச்சல்! கொக்கில் தொடங்கி குழந்தையில் முடியும் கதை

நெல்லை:–

சாயந்திரம் 6 மணிக்கு மேல் பாளையங்கால்வாய்க் கரையில் 5 நிமிடம் நின்று பாருங்கள். காது ஓரத்தில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். காலில் சுருக். கழுத்தில் சுருக். "கொசு இல்லாத ஊரு எங்க இருக்கு அண்ணாச்சி?" என்று சொல்லி, துண்டை உதறிவிட்டுப் போய்விடுகிறோம்.

கொசு என்றால் நெல்லைக்காரர்களுக்கு ஒரே ஒரு ஞாபகம்தான். டெங்கு! 2012-ம் ஆண்டை மறக்க முடியுமா? இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூர் அப்போது நம்ம மாவட்டம். அங்கே தெருத்தெருவாகக் காய்ச்சல் பரவியது. அந்த ஒரே ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் 12 ஆயிரத்து 800 பேருக்கு மேல் டெங்கு. 66 பேர் பலி!

அதில் இருந்து நாம் ஒன்று கற்றுக்கொண்டோம். டயர், ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. தொட்டியை மூடவேண்டும். நல்ல விஷயம்தான்.

ஆனால் டெங்கு கொசு வீட்டில் பிறப்பது. பகலில் கடிப்பது. ஒரு மனிதனிடம் வாங்கி இன்னொரு மனிதனுக்குக் கொடுப்பது. இன்னொரு கொசு இருக்கிறது. அது நெல் வயலில் பிறக்கிறது. இருட்டியபிறகு கடிக்கிறது. அது கிருமியை வாங்குவது மனிதனிடம் இருந்து அல்ல. பன்றியிடம் இருந்தும், பறவையிடம் இருந்தும்!

அது கொண்டுவரும் நோய்க்கு ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று பெயர்.

வேலூரில் பிடிபட்டது

பெயர்தான் ஜப்பான். 1924-ல் அந்த நாட்டில் 6 ஆயிரம் பேருக்கு மேல் தாக்கியதால் வந்த பெயர். இந்தியாவில் இது முதலில் பிடிபட்டது நம்ம தமிழ்நாட்டில்தான். 1955-ல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு காய்ச்சலும் வலிப்புமாகக் குழந்தைகள் வந்தார்கள். புனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ரத்தத்தைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. பிறகு அந்த வட்டாரத்துக் கொசுவிலேயே கிருமி கிடைத்தது.

அதன் கொடூரத்தை நாடு பார்த்தது 2005-ல். உத்தரபிரதேசத்தில் கோரக்பூர் பக்கம். ஒரே ஆண்டில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் பச்சைப் பிள்ளைகள்.

கொக்கு – கொசு – பன்றி

கிருமி எங்கே குடியிருக்கிறது? வயலில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு, நாரை உடம்பில். அதற்கு ஒன்றும் ஆகாது. கொக்கைக் கடித்த கொசு பன்றியைக் கடிக்கும். அங்கேதான் விபரீதம். பன்றி ரத்தத்தில் கிருமி சில நாட்களில் ஒன்றுக்கு ஆயிரமாகப் பெருகிவிடும். பன்றி வழக்கம்போல் சாக்கடையில் புரண்டுகொண்டு இருக்கும். பார்த்தால் நோய் என்றே தெரியாது. (சினைப் பன்றி மட்டும் குட்டியைச் செத்துப் போடும்.) அந்தப் பன்றியைக் கடிக்கிற கொசு ஒவ்வொன்றும் கிருமியைச் சுமந்துகொண்டு பறக்கும்.

நோய் வந்துபோன பன்றிக்கு அப்புறம் எதிர்ப்பு சக்தி வந்துவிடும். ஆனால் புதுக்குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றனவே! அதுதான் தொல்லை.

மனிதன்? வழி தவறி மாட்டிக்கொண்டவன்! நம் ரத்தத்தில் கிருமி அவ்வளவு பெருகுவது இல்லை. ஆகவே நோயாளியைக் கடித்த கொசுவால் அடுத்தவருக்கு வராது. தொட்டால் ஒட்டாது. பக்கத்துப் படுக்கையில் இருந்தால் ஒட்டாது. மூளைக் காய்ச்சல் வந்த பிள்ளையின் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்கள் இதைப் படியுங்கள்.

கூந்தன்குளத்துக்காரர்களும் பயப்பட வேண்டாம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. பறவை நேராக யாருக்கும் இந்த நோயைக் கொடுக்காது. நடுவில் கொசு வேண்டும்.

மாடு விஷயம் வேறு. இந்தக் கொசுவுக்கு மாட்டு ரத்தம் என்றால் உயிர். ஆனால் மாட்டு உடம்பில் கிருமி பெருகாது. மாட்டைக் கடித்த கொசு வெறுங்கையோடு திரும்பும். அதற்காகத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்கப் போடாதீர்கள். கொசுக்கூட்டம் அங்கேதான்.

பெருமாள் பெயரில் ஒன்று

வயல் கொசுவில் சில இனங்கள் உண்டு. ஒன்றுக்கு 'கியூலெக்ஸ் விஷ்ணுயி' என்று பெயர் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்! கடிக்கிற கொசுவுக்குப் போய்ப் பெருமாள் பெயரா?

தாமிரபரணிப் பாசனத்தில் கார் உண்டு, பிசானம் உண்டு. நட்ட வயலில் தெளிந்த தண்ணீர் நிற்கும்போது இந்தக் கொசு முட்டை இடும். 7 நாளில் இருந்து 10 நாளில் பறந்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய்க் கடிக்கும். தெருவில் சாயந்திரம் புகை அடிக்கிறார்களே, அது போன பாதையில் இருந்த கொசுவுக்கு மட்டும். வயலில் பிறக்கிறது பிறந்துகொண்டேதான் இருக்கும்.

அப்படியானால் வயலை என்ன செய்ய? விவசாயிகளுக்குத் தெரிந்த ஒரு முறையே இருக்கிறது. பெயர், 'காய்ச்சலும் பாய்ச்சலும்'! இந்தக் காய்ச்சல் வயலைக் காயப்போடுவது. நாலு நாள் தண்ணீர், பிறகு காயவிட்டு மறுபடி தண்ணீர். காய்கிறபோது கொசுப்புழு செத்துப்போகும். தண்ணீரும் மிச்சம். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் இதை வயலிலேயே சோதித்தவர்கள். வேப்பம்பிண்ணாக்கு பூசிய யூரியா போட்டும் பார்த்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம். ஒருத்தர் காயப்போட்டு பக்கத்து வயல்காரர் தேக்கி வைத்தால் பிரயோஜனம் இல்லை. நம்ம பக்கமோ வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிற வழக்கம். மடை திறப்பது ஊர்க் காரியம். சேர்ந்து செய்தால் உண்டு.

மலேசியாவில் ஏமாந்தார்கள்

1998-ல் மலேசியாவில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய காய்ச்சல்தான் என்று நினைத்து ஊசி போட்டார்கள். புகை அடித்தார்கள். சாவு நிற்கவில்லை! சந்தேகம் வந்தது. ஜப்பானிய காய்ச்சல் குழந்தைகளைத்தானே பிடிக்கும்? இங்கே செத்ததெல்லாம் பன்றியோடு புழங்குகிற பெரியவர்கள்.

1999 மார்ச்சில் உண்மை தெரிந்தது. அது 'நிபா' என்ற புதுக் கிருமி. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடம் இருந்து மனிதனுக்கு வந்தது. கொசுவுக்கு அதில் வேலையே இல்லை. 105 பேர் பலி. 10 லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். 2018-ல் அதே நிபா மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் 17 உயிர்களைக் குடித்தது.

எந்தக் கிருமி என்று சோதனை செய்து தெரிந்துகொள்ளாமல் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மந்திரிக்க நேரம் இல்லை

வயல் கொசு கடித்தவர்கள் எல்லோருக்கும் மூளைக் காய்ச்சல் வராது. கிருமி ஏறிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். ஆனால் அந்த ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால்?

கடித்த 4 நாளில் இருந்து 14 நாளுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி. பிறகு கழுத்து விறைக்கும். பிள்ளை உளறும். வலிப்பு வரும். இப்படி விழுகிறவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறந்துபோகலாம். பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் விளங்காமலோ, புத்தி மட்டுப்பட்டோ போய்விடும்.

கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காப்பாற்றி, மூளை வீக்கத்தைக் குறைப்பதுதான் வைத்தியம். அதற்கு நேரம் முக்கியம். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் "காத்து கருப்பு அடிச்சிருக்கு, திருநீறு போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு ராத்திரியைக் கழிக்காதீர்கள். நேராக ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கள். 108-க்குப் போன் போட்டால் ஆம்புலன்ஸ் இலவசம்.

வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. நோய் உள்ள மாவட்டம் என்று அரசாங்கம் குறித்த இடங்களில் இலவசம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று. 16-ல் இருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மாவிடம் தடுப்பூசி அட்டையை நீட்டிக் கேளுங்கள். முதல் ஊசி போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துபோகிற தாய்மார்கள் உண்டு. அட்டையில் இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.