வானப் பயணத்தில் மதுவுக்கு மட்டு

தமிழில் 'மட்டு' என்னும் சொல்லுக்கு இருவகைப் பொருள் உண்டு. கள், தேன் என்பன ஒருவகை. அளவு, எல்லை என்பன மற்றொருவகை. பாரி மாய்ந்தபின் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் இச்சொல் முதற்பொருளில் வருகிறது. 'மட்டுமீறிக் குடித்தான்' என்று இன்று பேசும்போது இரண்டாம் பொருளில் வருகிறது. இவ்விரண்டும் ஒரே வேரின் கிளைகளா, தனித்தனிச் சொற்கள் ஒலியால் ஒன்றாயினவா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லார் முடிவு செய்க. குடியைப் பற்றிய பேச்சு எழுந்த இடத்தில் அளவைப் பற்றிய பேச்சும் உடன் எழுவது தமிழரிடை மிகப் பழைய வழக்கம் என்பது மட்டும் தெளிவு. அதியமானை இழந்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், கள் சிறிதாயின் அவன் என்ன செய்தான், பெரிதாயின் என்ன செய்தான் என்பதே முதற் செய்தியாக நிற்கிறது. வள்ளுவரோ அளவு பேசவே இடங்கொடாமல், 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார்.

மலாக்கா மாநிலத்தில் சுங்கை ஊடாங் வட்டாரத்திலும், அதுபோன்ற பிற தோட்டப்புறங்களிலும், அளவு என்பது ஒரு காலத்தில் கள்ளுக்கடையின் கணக்காக இருந்தது. பால்வெட்டி முடித்த பிற்பகலில் எத்தனை குவளை குடித்தால் கால் தள்ளாது லயத்துக்குத் திரும்பலாம் என்பதைப் பெரியவர்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர். அறிந்தும் மீறியோர் பலர். அதனால் குடும்பங்கள் பட்ட பாடு சிறிதன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர்.

அக்காலத்துப் பெரியவர்கள் ஊருக்குப் போனது 'ரஜுலா' போன்ற கப்பல்களில். நாகப்பட்டினமோ சென்னையோ சேர ஏறத்தாழ ஒருவாரம் ஆகும். 1985இல் 'சிதம்பரம்' கப்பலில் தீப்பற்றியபின் அந்தக் கடல்வழியும் முடிந்தது. இன்று அவர்களின் மக்களும் பேரர்களும் சிப்பாங்கில் 1998இல் திறக்கப்பட்ட அனைத்துலக விமான நிலையத்துக்குச் சென்று, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கிவிடுகின்றனர். ஆனால் குடிக்கும் பழக்கமுடையோர் தரையில் பழகிய அளவையே வானத்துக்கும் கொண்டு செல்கின்றனர். அந்த அளவு அங்கே பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு மக்கள் சொல்லும் காரணம் ஒன்று; உண்மைக் காரணம் வேறு.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே உள்ள காற்றில் மனிதன் உயிர் வாழ இயலாது. ஆகவே உட்புறத்தில் காற்றை அழுத்தி நிரப்புகின்றனர். எனினும் தரைமட்ட அழுத்தம் முழுவதையும் அங்கே தருவதில்லை. தந்தால் விமானத்தின் உடற்கூடு தாங்கவேண்டிய சுமை மிகும். உள்ளழுத்தம் 8,000 அடி உயர மலையில் உள்ள அழுத்தத்துக்குக் கீழே போகாமல் வைப்பதே விதி. கேமரன் மலையில் தானா ராத்தா ஊர் 5,000 அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி. ஆகவே விமான இருக்கையில் அமர்ந்திருப்பவர் உதகையைவிடச் சற்று உயர்ந்த மலையொன்றில், மலை ஏறிய களைப்பின்றி, அமர்ந்திருக்கிறார் என்று கொள்ளலாம். சில புதிய விமானங்களில் இது 6,000 அடியளவில் நிற்கும். 8,000 அடி நிலையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் நாலில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே குறையும். உடல்நலமுள்ளவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு தரையில் 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இந்நிலையில் அது ஏறத்தாழ 4 புள்ளி இறங்கும். விழித்திருக்கும் நலமான உடல் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

'வானத்தில் ஒரு கிண்ணம் தரையில் இரண்டுக்குச் சமம்' என்று சொல்வோர் பலர். இது பிழை. மதுவில் உள்ள ஆல்கஹால் உயரே சென்றதால் பெருகுவதில்லை. ஒரே அளவு குடித்தவரின் இரத்தத்தில் அது தரையில் உள்ளதைவிட மிகுதியாகச் சேர்வதும் இல்லை. அமெரிக்க விமானத்துறையின் மருத்துவ ஆய்வு நிலையம் 1970களின் இறுதி முதல் 1980கள் வரை நடத்திய சோதனைகள் இதனைக் காட்டியுள்ளன. போதை இருமடங்கு ஆகிறது என்ற எண்ணம் பரவியதற்கு வேறு காரணங்கள் உண்டு. பயணத்தன்று உறக்கம் குறைவு. உணவு நேரம் தவறுகிறது. ஆக்சிஜன் குறைவால் சிறு சோர்வு முன்னரே இருக்கிறது. அதன்மேல் மது சேர்ந்தால், குடித்தவர் அதனை மதுவின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

அப்படியாயின் கவலை எதற்கு? விடை உறக்கத்தில் இருக்கிறது. செருமானிய வானூர்தி ஆய்வு மையத்தினர் 2024இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. 18 முதல் 40 வயது வரை உள்ள நலமான இளைஞரையே அவர்கள் தேர்ந்தனர். ஒரு பகுதியினரைச் சாதாரண அறையிலும், மற்றொரு பகுதியினரை விமானத்தின் உள்ளழுத்தம் உள்ள அறையிலும் உறங்கச் செய்தனர். ஓர் இரவு மது இல்லை. மற்றோர் இரவு உறங்குமுன் இரண்டு கலம் பியருக்கு நிகரான மது கொடுக்கப்பட்டது. சாதாரண அறையில் மதுவின்றி உறங்கியோரின் ஆக்சிஜன் நிறைவு ஏறத்தாழ 96 சதவீதம். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64. அங்கேயே மது குடித்து உறங்கியபோது 95, துடிப்பு 77. விமான அழுத்தத்தில் மதுவின்றி உறங்கியபோது 88, துடிப்பு 73. விமான அழுத்தமும் மதுவும் ஒன்றாகச் சேர்ந்தபோது 85 சதவீதம், துடிப்பு 88.

இந்த எண்களை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நன்று. தரையில் அதே மது ஆக்சிஜனை ஒரு புள்ளிதான் குறைத்தது. உயரத்தில் உறக்கம் மட்டுமே அதனை 88க்குக் கொண்டுவந்துவிட்டது. மது மேலும் மூன்று புள்ளியைப் பறித்தது. மது மூச்சை மந்தப்படுத்துகிறது. தொண்டைத் தசைகளைத் தளர்த்துகிறது. இரத்தக் குழாய்களை விரியச் செய்து இதயத்தை ஓட வைக்கிறது. குறைந்த ஆக்சிஜனை ஈடுசெய்ய இதயம் முன்னரே விரைந்துகொண்டிருக்க, அதன் தலையில் இன்னொரு சுமை ஏறுகிறது. இருபத்தைந்து வயதினர் இதனைத் தாங்கினர். பேரன் திருமணத்துக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ ஊர் செல்லும் அறுபத்தைந்து வயதினர், இதயக் குழாயில் அடைப்போ நுரையீரல் நோயோ உடையவர், குறட்டையோடு மூச்சுத் திணறும் உறக்க நோயாளர் ஆகியோரை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அதைவிட நன்மையான விளைவை எதிர்பார்க்க நியாயமில்லை.

'இரண்டு கிண்ணம் போட்டுவிட்டுக் கண்ணை மூடினால் ஊர் வந்துவிடும்' என்பது பலர் கைக்கொள்ளும் முறை. இருக்கும் முறைகளுள் கெட்டது இதுவே எனலாம். உறக்கம் விரைவில் வருவது உண்மை. ஆனால் ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் குறைகின்றன. கால் நீட்ட இடமில்லாத இருக்கையில் அசையாது கிடப்பதால், நெடும்பயணங்களில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பும் மிகுகிறது.

நீரிழிவு உடையோரைத் தனியே குறிக்கவேண்டும். மலேசியாவில் இந்தியரிடையே இந்நோய் மற்ற இனத்தாரைவிட மிகுதி என்று 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு கண்டது. கல்லீரல் மதுவை அகற்றும் வேலையில் இருக்கும்போது, இரத்தத்துக்குச் சர்க்கரை தரும் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உணவு தாமதமாகும் விமானத்தில் மது குடிப்பவருக்குச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். அவர் உளறுவார், வியர்ப்பார், தள்ளாடுவார். மது மணம் வீசும் ஒருவர் இவ்வாறு இருந்தால் பக்கத்து இருக்கையில் உள்ளவர் என்ன நினைப்பார்? குடிமயக்கம் என்று விட்டுவிடுவார். சிகிச்சை வேண்டிய நேரம் அவ்வாறே கழிந்துவிடும். உறக்க மாத்திரை, குமட்டலுக்கும் சளிக்கும் கொடுக்கும் மயக்கந்தரு மாத்திரை ஆகியவற்றோடும் மது கூடாது. கருவுற்றோருக்கு எங்குமே கூடாது.

மற்றையோருக்கு எவ்வளவு? 330 மில்லி லிட்டர் பியர் ஒரு கலத்தில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால் உண்டு. விமானத்தில் தரும் 50 மில்லி லிட்டர் சிறு விஸ்கிப் போத்தலில் ஏறத்தாழ 16 கிராம். கையளவே உள்ள அந்தச் சிறு போத்தல் ஒரு கலம் பியரைவிட வலியது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் அகற்றுவது ஏறத்தாழ 7 முதல் 10 கிராம். கறுப்புக் கோப்பி அதனை விரைவுபடுத்தாது. ஆகவே நலமான ஒருவர் நான்கு மணி நேரப் பயணத்தின் தொடக்கத்தில், உணவோடும் நீரோடும் ஒன்று குடித்து, விழித்திருந்தால், இறங்குமுன் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவதைக் கேட்பவர் உறங்கும் எண்ணத்தை விடவேண்டும். எடை குறைந்தோர்க்கும் பெண்டிர்க்கும் அதே கிண்ணம் இரத்தத்தில் மிகுந்து சேரும். விமானம் ஏறுமுன் நிலையத்தில் அமர்ந்து குடித்ததும் இக்கணக்கில் சேரும். அச்சம் தீரக் குடிப்போர் பெரும்பாலும் மறப்பது இதனைத்தான். வரியில்லாக் கடையில் வாங்கிய போத்தலைப் பயணத்தில் தாமே திறந்து குடிக்க விமான நிறுவனங்கள் இடந்தருவதில்லை. அவ்விதி கடுமை போலத் தோன்றினும், ஊழியர் கணக்கு வைக்க வேறு வழி இல்லை. நெருக்கடி நேர்ந்தால், பாதி வாயில்களே திறந்தாலும், 90 விநாடியில் எல்லாரும் வெளியேற இயலும் என்று காட்டிய பின்னரே பயணிகள் விமானத்துக்குச் சான்று தரப்படுகிறது. அந்தக் கணக்கில் தள்ளாடுவோருக்கு இடம் வைக்கவில்லை.

திரும்பி வரும் நாளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சிப்பாங்கில் காரை நிறுத்திவிட்டுப் போனவர், இறங்கியதும் அதே காரை எடுத்துச் சுங்கை ஊடாங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓட்டவேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் விமானத்தில் மூன்று சிறு போத்தல் விஸ்கி குடித்து, மூன்று மணி நேரம் கழித்து இறங்கினால், அவருடைய இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 60 மில்லி கிராமை ஒட்டி ஆல்கஹால் இருக்கும். மலேசியச் சாலைச் சட்டம் முன்னர் 80 மில்லி கிராம் வரை பொறுத்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் எல்லை 50. அவர் தெளிவாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டு சாவியைத் திருப்புவார்.