டப்பாவுக்குள் உணவு, விளம்பரத்தில் மருந்து

புரதப் பொடி, மல்டிவைட்டமின், மீன் எண்ணெய் மாத்திரை, முருங்கைக் காப்ஸ்யூல் எல்லாம் இன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. விற்பவர்களில் பலர் வீட்டிலிருந்தபடி சிறு வருமானம் தேடுபவர்கள். அடுத்தவர் வயிற்றுக்குள் போகும் பொருளை விற்கும்போது எவ்வளவு பெரிய சட்டப் பொறுப்பை ஏற்கிறோம் என்பது அவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. வாங்குபவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை வடிவில் ஓர் உணவு

பார்வைக்கு மாத்திரைபோல இருந்தாலும், இந்தியச் சட்டத்தில் ஊட்டச்சத்துப் பொருள் உணவுதான். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், 2016இல் வந்த தனி விதிமுறைகளும் இதற்குப் பொருந்தும். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமோ பதிவோ இல்லாமல் இதை விற்கக் கூடாது. ஆன்லைனில் மட்டும் விற்கிறோம், கடையே இல்லை என்பது விலக்கு ஆகாது. இது மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல என்ற வாசகம் ஊட்டச்சத்துப் பொருளின் லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

லேபிளில் அப்படிப் போட்டுவிட்டு, விளம்பரத்தில் சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

‘குணமாகும்’ என்று எழுதினால்

சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், உடல் பருமன், சிறுநீரகக் கல் போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பலன் உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இருப்பதாக வாதிட்டால், அதை விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நாலு வாடிக்கையாளர்களின் நன்றிக் குரல் பதிவுகள் அறிவியல் ஆதாரம் ஆகிவிடாது.

சட்டம் பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. நோய் தீர்ப்பதாகச் சொன்ன ஆயுர்வேத மருந்து விளம்பரங்களுக்காகப் பதஞ்சலி நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் 2024இல் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது.

சிபாரிசு செய்கிறவருக்கும் பொறுப்பு உண்டு

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழும் யூடியூபரும் நடிகரும் சட்டத்துக்கு வெளியே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓராண்டு வரை எந்தப் பொருளையும் சிபாரிசு செய்யத் தடையும் போடலாம். மறுபடி செய்தால் அபராதம் 50 லட்சம் வரை, தடை மூன்று ஆண்டு வரை. மருத்துவர், ஊட்டச்சத்து நிபுணர் என்று சொல்லிக்கொண்டு பேசுபவர் தன் தகுதியை வெளிப்படுத்த வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல்.

உள்ளே இருப்பது என்ன?

இவ்வளவு கடுமை எதற்கு? கேரள மருத்துவர் ஒருவர் தலைமையில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தது. அவற்றில் சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்டிருந்த புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சின் இருந்தது.

எடை குறைப்பு மாத்திரைகளின் கதை இன்னும் மோசம். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற காப்ஸ்யூல்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. பிரிட்டனில் 2015இல் 21 வயது மாணவி ஒருவர் இணையத்தில் வாங்கிய டிஎன்பி காப்ஸ்யூல்களைச் சாப்பிட்டு இறந்தார். டிஎன்பி ஒருகாலத்தில் வெடிமருந்துத் தயாரிப்பில் பயன்பட்ட ரசாயனம். அதை டிரம் கணக்கில் இறக்குமதி செய்து, காப்ஸ்யூலில் அடைத்து விற்றவருக்கு, மறுவிசாரணைக்குப் பின் 2020இல் ஏழு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்தியச் சட்டமும் கடுமையானது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. ‘நான் வாங்கித்தான் விற்றேன்’ என்று சொல்லி எளிதாகக் கைகழுவிவிட முடியாது.

ஆர்டர் போடும் முன்

டப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இந்திய இறக்குமதியாளரின் பெயர் இருக்க வேண்டும். லேபிளில் இல்லாத பலனை விற்பனைப் பக்கத்தில் சொல்லக் கூடாது என்று இணைய நிறுவனங்களுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 நவம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். ஏமாந்துவிட்டால் பில், டப்பா, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.