உறை குத்தாத தயிர்

'லெமன் கர்ட்' என்ற பெயரை ஓர் ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் முதன்முதலாகக் கண்டபோது, எலுமிச்சம்பழம் பிழிந்த தயிர் விசேஷம் ஏதோ ஒன்று என்று நான் ஊகித்துக்கொண்டதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. கர்ட் என்றால் நமக்குத் தயிர், தயிர் என்றால் இரவு உறை குத்தி மூடிவைத்து விடியற்காலையில் திறந்து பார்ப்பது. இதிலோ உறையும் இல்லை, உறைவதற்குப் பாலும் இல்லை. எலுமிச்சஞ்சாறு, சர்க்கரை, வெண்ணெய், கோழிமுட்டை ஆகிய நான்கையும் இளஞ்சூட்டில் கிளறிக் கெட்டிப்படுத்தி, ரொட்டியின் மேல் ஜாமைப் போலத் தடவிக்கொள்வதற்காகவும், மாவுக் கிண்ணங்களில் நிரப்பி 'டார்ட்' செய்வதற்காகவும் இங்கிலாந்து தேசத்து இல்லத்தரசிகள் ஜாடிகளில் அடைத்துவைக்கும் பண்டம் அது.

ஆயினும் அந்தப் பெயர் அடியோடு அர்த்தமற்றதன்று. 1844-இல் சார்லட் பியூரி சீமாட்டியின் பெயரால் வெளிவந்த சமையல் நூலில் காணும் பக்குவத்தில், பாலேட்டில் எலுமிச்சஞ்சாற்றை விட்டுத் திரியச் செய்து, துணியில் வடிகட்டித் திப்பியைத் தனியே எடுக்கிறார்கள். நாம் பால் திரிந்தது என்று சொல்வோமே, அதுதான். பிற்பாடு பாலேடு விலகி முட்டையும் வெண்ணெயும் அதன் ஸ்தானத்தில் அமர்ந்துகொண்டன. பெயர் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் சந்தையில் எலுமிச்சை என்று கூறுகட்டி விற்பது உருண்டையான, மெல்லிய தோலுடைய 'லைம்' இனம். ஆங்கிலேயர் 'லெமன்' என்பது நீண்டு, முனையில் முலைக்காம்பு போலக் கூர்ந்து, தடித்த மஞ்சள் தோல் போர்த்த வேறொரு கனி. அதன் வாசனை சாற்றில் இருப்பதைக் காட்டிலும் மேல்தோலிலுள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளிலேயே அதிகம் குடிகொண்டிருக்கிறது. ஆகையினால்தான் பழைய காலத்துச் சமையற்காரிகள் சர்க்கரைக் கட்டியைப் பழத்தின் மேல் அழுத்தித் தேய்த்து, அது மஞ்சளாகிக் கசியும்வரை அந்த எண்ணெயை வாங்கிக்கொண்டார்கள். இப்போது துருவியினால் சீவிக்கொள்கிறோம். எப்படிச் செய்தாலும் வண்ணத்தோலோடு நின்றுவிட வேண்டும். அதற்கடியிலுள்ள வெள்ளைப் பகுதியைத் தொட்டால் கசப்பு வந்து சேரும். நம் ஊர்ப் பழத்திலும் கர்ட் செய்யலாம், அதன் தோல் மெலிதாதலால் கை இன்னும் இலேசாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு தடையில்லை.

நான்கு லெமன் பழத்துக்கு 350 கிராம் சர்க்கரை, 225 கிராம் உப்பில்லாத வெண்ணெய், நான்கு முட்டை என்பது ஒரு நல்ல கணக்கு. ஆனால் கணக்கில் அல்ல, சூட்டில்தான் இந்தப் பண்டத்தின் ஜீவன் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 62 டிகிரி சென்டிகிரேடிலேயே இறுகத் தொடங்கிவிடும். மஞ்சள்கரு அதற்குச் சற்று மேலே. சர்க்கரை கலந்திருப்பதால் அந்த இறுக்கம் சிறிது தாமதப்படுகிறது. அந்தத் தாமதமே நமக்குக் கிடைக்கும் அவகாசம். 75 டிகிரியைத் தாண்டி, 80-ஐ எட்டுவதற்கு முன் கலவை கெட்டிப்பட்டுவிடும். கொதித்ததோ, காரியம் கெட்டது. எனவே அடுப்பின் மேல் நேரே வைக்காமல், கீழே மெல்லக் கொதிக்கும் நீர், அதன் ஆவி படும்படி மேலே பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரம், நிற்காத கை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. புளிப்பு அதைத் தின்று சாற்றில் உலோக நெடியை ஏற்றிவிடும்.

என் முதல் முயற்சியில் இந்தச் சாவதானம் இருக்கவில்லை. பத்து நிமிஷம் கிளறியும் நீராகவே இருந்த கலவையைக் கண்டு பொறுமையிழந்து, பாத்திரத்தை இறக்கித் தணல் மேலேயே வைத்தேன். அரை நிமிஷத்துக்குள் அடியிலிருந்து வெள்ளைத் துணுக்குகள் எழும்பி மிதந்தன. எலுமிச்சை மணக்கும் முட்டைப்பொரியல்! எட்டிப் பார்த்த அத்தை, "இதற்கா தயிர் என்று பெயர் வைத்தான் வெள்ளைக்காரன்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். மறுமுறை காத்திருந்தபோதுதான் மாறுதலைக் கண்ணால் கண்டேன்: முதலில் மேலே நுரை அடங்குகிறது, பிறகு கரண்டி சென்ற வழி ஒரு கணம் தங்குகிறது, கரண்டியின் முதுகில் விரலால் கோடிழுத்தால் அது கலையாமல் நிற்கிறது. அதுவே பதம். பார்வைக்கு இன்னும் தளர்வாகத்தான் தோன்றும். வெண்ணெய் ஆறி இறுகுகையில் மிச்சக் கெட்டியும் வந்துவிடும். சூடாறுமுன் வலையில் வடிகட்டினால் தோல் துருவலும் முட்டை நரம்பும் நீங்கிப் பட்டுப்போல் இழையும்.

முட்டைக்குப் பதிலாகச் சோளமாவைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கெட்டிப்படுத்துவோரும் உண்டு; தொழிற்சாலைச் சரக்கு பலவற்றிலும் அந்த மாவு சேர்கிறது. என் நாவுக்கு அது எலுமிச்சைக் கூழ்.

முட்டையும் வெண்ணெயும் இஷ்டம்போல் கிடைக்காத காலமும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, வெண்ணெய் சுமார் இரண்டு அவுன்ஸ் என்று பங்கீடு இருந்தது. லெமன் பழம் கடல் கடந்து வருவதே அபூர்வம். நால்வருள்ள குடும்பம் ஒரு வாரத்து முட்டையையும் வெண்ணெயையும் முழுவதுமாகக் கொடுத்தால்தான் மேற்சொன்ன பக்குவத்துக்குச் சரியாகப் போதியிருக்கும். 1954 ஜூலையில் பங்கீடு முற்றிலும் நீங்கியபின் வந்த அந்த மஞ்சள் ஜாடிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பை நாம் ஊகிக்கலாம்.

ஜாமின் பக்கத்தில் அமர்ந்தாலும் இது ஜாமின் ஜாதியன்று. நம் ஊறுகாயைப் போல வருஷம் முழுவதும் இருக்காது. முட்டையும் வெண்ணெயும் உள்ள பண்டமாதலால், வெந்நீரில் அலம்பி உலர்த்திய ஜாடியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் என்பது கெடு. எங்கள் வீட்டில் அந்தக் கெடுவைச் சோதிக்க வாய்த்ததேயில்லை. நான்காம் நாளே ஜாடியின் அடியில் கரண்டி உரசும் சப்தம் கேட்கும், அநேகமாக அத்தையின் பக்கத்திலிருந்து.