பிரசவ அறைக்கு வெளியே டூலாவுக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் கர்ப்பம் சார்ந்த காரணங்களால் இறக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், குழந்தை பிறந்து ஒரு வாரம் கழிந்து ஓராண்டு நிறைவதற்குள் இறக்கிறார்கள். 2017 முதல் 2019 வரையான மரணங்களை 36 மாநிலங்களின் ஆய்வுக் குழுக்கள் அலசியதைத் தொகுத்து, அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்ன கணக்கு இது. அந்த மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஆனால் டூலா என்ற தொழில் அங்கே பிரசவ அறையைச் சுற்றியே வளர்ந்தது. டூலா மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை இடுப்பை நீவிவிட்டு, நடக்கவைத்து, தைரியம் சொல்லிப் பக்கத்திலேயே இருப்பவர். இப்போது அவர்களில் பலர் பிரசவத்துக்குப் பிந்தைய குடும்ப உதவியையும் தொழிலாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கூடுதல் வருமான வழி என்று மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. ஆபத்து இருக்கும் இடத்துக்குத் தொழில் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. போகிற இடத்தில் இருப்பது பழைய வேலையின் மிச்சமும் இல்லை, வேறொரு வேலை.

வருமானக் காரணம் உண்மைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசவ டூலா ஒரு பெண்ணை ஏற்றுக்கொண்டால், குறித்த தேதிக்கு முன்னும் பின்னுமாகச் சில வாரங்கள் கைப்பேசியை அணைக்க முடியாது. வெளியூர் போக முடியாது. அழைப்பு நள்ளிரவில் வரலாம், முழுதாய் ஒரு நாள் நீளலாம். சொந்தப் பிள்ளைகள் இருப்பவருக்கு இதை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பது கடினம். பிரசவத்துக்குப் பின் செய்யும் வேலையில் நேரம் முன்கூட்டியே தெரியும், ஊதியமும் பெரும்பாலும் மணிக்கணக்கில் பேசப்படுகிறது. அனுபவசாலிகள் சோர்ந்துபோய்த் தொழிலைவிட்டு விலகாமல் இருப்பது தாய்மார்களுக்கும் லாபம்தானே.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. டூலாவின் பயன் பற்றிய நல்ல சான்றுகள் எல்லாம் பிரசவ நேரத்தைப் பற்றியவை. ஆய்வாளர்கள் ஜான் கென்னலும் மார்ஷல் கிளாஸும் குவாத்தமாலாவில் தொடங்கிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 1991-இல் ஹூஸ்டனில் நடந்த ஆய்வு வெளியானது. துணை இல்லாத பெண்களில் 18 விழுக்காட்டினருக்கு சிசேரியன் ஆனது. டூலா கூட இருந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்குத்தான். 2017-இல் காக்ரேன் அமைப்பு 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவைத் தொகுத்தபோதும் முடிவு அதே திசையில்தான் இருந்தது. இந்த எண்களைக் காட்டி வீட்டு உதவியை விற்பது சரியில்லை என்றால், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வீட்டு உதவிக்கான சான்றை வேறு இடத்தில் தேட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில், மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 701 இளந்தாய்மார்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வை அனுபவித்து மீண்ட பெண்கள், குறுகிய பயிற்சி மட்டும் பெற்று, தொலைபேசியில் பேசினார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் அந்த ஆதரவு கிடைத்தவர்களில் 14 விழுக்காட்டினரிடமும், கிடைக்காதவர்களில் 25 விழுக்காட்டினரிடமும் மனச்சோர்வு அறிகுறிகள் தென்பட்டன. இது டூலாக்களைப் பற்றிய ஆய்வு இல்லை. மருத்துவர் அல்லாத ஒருவரின் தொடர்ந்த விசாரிப்புக்கே இவ்வளவு பலம் உண்டு என்பதைத்தான் இது காட்டுகிறது.

பிள்ளை பிறந்த வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். சுகப்பிரசவம் என்றால் இரண்டே நாளில் வீடு. ஐந்தாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகக் கிடக்கிறது, பிள்ளைக்குக் காம்பு பிடிபடவில்லை, பச்சை உடம்புக்காரி மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. தலை வலிக்கிறது என்கிறாள். தூக்கமில்லாததால் என்று கணவர் நினைக்கிறார். பேறுகாலத்துக்குப் பின் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள். தலைவலியோடு கண் மங்குவதும் மேல்வயிறு வலிப்பதும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம் அது. வழக்கமான மருத்துவப் பரிசோதனையோ வெகுகாலமாக ஆறாவது வாரத்தில்தான் இருந்தது. முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே தாயைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018-இல் சொன்ன பிறகும், இடையில் ஆளில்லாத நாட்கள் நிறைய. கணவரும் கவனிப்புக்கு வெளியே இருக்க வேண்டியவர் இல்லை. குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் தந்தையரில் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று 2010-இல் வெளியான தொகுப்பாய்வு கண்டது. பிரசவ அறையில் டூலாவுக்கு ஒரே பெண், ஒரே இலக்கு. வீட்டிலோ மூத்த பிள்ளையின் பொறாமை, மாமியாரின் கருத்து, சம்பளமில்லா விடுப்பு முடியும் தேதி எல்லாமே அவர் கண்ணில் பட வேண்டும்.

பாட்டி செய்ததைக் காசு கொடுத்துச் செய்வதா என்று நம்மவர்கள் கேட்கலாம். மகளின் பிரசவம் பார்க்க விசிட்டர் விசாவில் கலிபோர்னியா போகும் தமிழ்த் தாய்மார்கள் இருக்கும்வரை அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கார் ஓட்டத் தெரியாத, ஊர்ப் பழக்கமில்லாத அம்மா, பத்தியச் சாப்பாடு பொங்கிப் போட்டுக்கொண்டே ராத்திரியும் கண்விழித்தால், மூன்றாவது வாரத்தில் அவரும் படுத்துவிடுவார். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்பதை மகள் சொன்னால் சண்டை. மூன்றாம் ஆள் பக்குவமாகச் சொன்னால் பேச்சோடு போகும்.

பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் சேவை என்ற குற்றச்சாட்டைத் தனியார் சந்தை மறுக்க முடியாது, அரசுதான் மறுக்க முடியும். குறைந்த வருமானத்தினருக்கான கலிபோர்னியாவின் மெடி-கால் திட்டம் 2023 ஜனவரியிலிருந்து டூலாவுக்குப் பணம் தருகிறது. தொடக்கச் சந்திப்பு ஒன்று, பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வரை, பிரசவத் துணை, பிறகு மூன்று மணி நேரம் நீளும் சந்திப்புகள் இரண்டு வரை. நல்ல தொடக்கம். ஆனால் துணி மடித்துக் கொடுப்பது போன்ற ஒத்தாசை, ஆறுதலும் ஆலோசனையும் சொல்லும்போது கூடவே நடந்தால் சரி, அதுவே வேலையாகக் கூடாது என்பது விதி. மடிக்காத துணி மலையின் நடுவே உட்கார்ந்து எவ்வளவு ஆறுதல் சொல்ல முடியும் என்று விதி எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. நெதர்லாந்தில் அடிப்படைக் காப்பீட்டிலேயே பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுப் பராமரிப்பு அடங்கியிருக்கிறது. முதல் பத்து நாட்களுக்குள் 24 முதல் 80 மணி நேரம் வரை பயிற்சி பெற்ற ஒருவர் வருகிறார். தாயையும் சேயையும் கவனித்து மருத்துவச்சிக்குத் தகவல் சொல்கிறார், வீட்டு வேலையிலும் கை கொடுக்கிறார். இரண்டையும் பிரிக்க அங்கே யாரும் மெனக்கெடவில்லை.

கடைசி ஆட்சேபம், உரிமமில்லாதவர் மருத்துவம் பார்க்கத் தொடங்கிவிடுவார் என்பது. அந்த அபாயம் இருக்கிறது. பிரசவ அறையில் டாக்டர் ஒரு சுவர் தள்ளி இருக்கிறார். வீட்டில் டூலா தனியாள். அதனால் பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு புதிய வேலைக்குப் போவது போதாது. தாய்ப்பால் ஊட்டல், ஆபத்து அறிகுறிகள், மனநலம் ஆகியவற்றில் தனிப் பயிற்சி வேண்டும். மருந்து சொல்வதில்லை, நோய்க்குப் பெயர் வைப்பதில்லை, சந்தேகம் வந்தால் யாரை எத்தனை மணிக்குள் அழைப்பது என்பதெல்லாம் குடும்பத்தோடு போடும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை இரவுகள், சமையல் உண்டா, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வாரா என்பதும் அதிலேயே இருந்தால் பத்தாம் நாள் மனக்கசப்பு வராது.