பாப்பாவோட தொப்புள் ஏன் இன்னும் காயலை?

போன எபிசோட்ல தூக்கமில்லாத ராத்திரிகளைப் பத்திப் பேசினோம். இந்த வாரம் ஒரு தொப்புள் கதை.

என் பொண்ணு பிறந்த ஒன்பதாவது நாள் தொப்புள்கொடி காய்ஞ்சு விழுந்துச்சு. மாமியார் அதை எடுத்து வெள்ளைத் துணியில முடிஞ்சு வெச்சாங்க. தாயத்துல போட்டுக் கட்டணுமாம். ஆனா கொடி விழுந்த இடம் இரண்டு வாரம் ஆகியும் காயவே இல்லை. சட்டையில தினமும் ஒரு கறை. விரிச்சுப் பார்த்தா உள்ளே மிளகு அளவுல, சிவப்பா, ஈரமா, பளபளன்னு ஒரு சதை.

"கொஞ்சம் மஞ்சத்தூள் வெச்சா ஆறிடும் மாப்ள"ன்னாங்க. நானும் சரின்னுட்டேன். இரண்டு நாள் வெச்சோம். மூணாவது நாள் ராத்திரி கறை அதிகமான மாதிரி இருந்துச்சு. அது மஞ்சளா, சீழான்னே தெரியலை! ராத்திரி ஒரு மணிக்கு போன்ல தேடினேன். தேடியிருக்கவே கூடாது. விடியுற வரைக்கும் அவ மூச்சு விடுறதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில டாக்டர் தொப்புளைப் பார்க்குறதுக்கு முன்னாடியே கேள்வி கேட்டாங்க. காய்ச்சல் இருக்கா? பால் நல்லா குடிக்கிறாளா? சோர்ந்து கிடக்கிறாளா? கெட்ட வாடை வருதா? எல்லாத்துக்கும் நல்ல பதில்தான். அப்புறம் ஈரப் பஞ்சால மஞ்சளைத் துடைச்சு, சுத்தியிருக்குற தோல் சிவந்திருக்கா, வீங்கியிருக்கான்னு பார்த்தாங்க.

ஏன் இவ்வளவு கேள்வி? தொப்புள்கொடிக்குள்ள இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கும். அந்தச் சிரை குழந்தையோட கல்லீரல் பக்கம் போகுது. கொடி விழுந்த உடனே உள்ளே இருக்குற ரத்தக்குழாய் முழுசா மூடிடாது. அங்கே கிருமி புகுந்தா ரத்தத்துல சீக்கிரம் பரவிடும். அதனால அந்த அறிகுறிகள்ல எது தெரிஞ்சாலும், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், அது நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

எங்க பாப்பாவுக்கு வந்தது கிரானுலோமா. புண் ஆறும்போது வளர்ற சதை கொஞ்சம் கூடுதலா வளர்ந்துடுது, அவ்வளவுதான். அதுல நரம்பு கிடையாது, அதனால வலிக்காது. சுத்தி வாசலின் தடவி, சில்வர் நைட்ரேட் குச்சியால அந்தச் சதையை மட்டும் தொட்டாங்க. நல்ல தோல்ல பட்டா புண்ணாயிடுமாம், அதுக்குத்தான் வாசலின். சதை சாம்பல் நிறமா மாறுச்சு. பாப்பா அழுதா, ஆனா டாக்டரோட கை ஜில்லுன்னு இருந்ததுக்கு! சில டாக்டர்கள் சாதாரண உப்பு வெச்சே இதைச் சுருங்க வைக்கிறாங்க. நீங்களா வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. ஏன்னா, பார்க்க இதே மாதிரி இருந்து, அபூர்வமா குடலோடயோ சிறுநீர்ப்பையோடயோ தொடர்புள்ளதாவும் இருக்கலாம். மருந்து வெச்சும் போகலைன்னா ஸ்கேன் எடுப்பாங்க.

"நான் வெச்ச மஞ்சளாலயா டாக்டர்?" மாமியார்தான் கேட்டாங்க. குரல் கம்மியிருந்துச்சு. சரின்னு சொன்னவன் நான், கேட்டது அவங்க.

"இல்லம்மா, இது தானா வர்றது. ஆனா இனிமே வெக்காதீங்க. தூள்ல கிருமி இருக்கலாம், தோல் சிவந்தாலும் மஞ்சள் மறைச்சிடும். எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். காத்தோட்டமா விடுங்க, டயாப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடிச்சுக் கட்டுங்க."

மாமியார் தலையாட்டிட்டு, "அப்போ தாயத்து?"ன்னாங்க.

"தொப்புள் காய்ஞ்சதும் இடுப்புல தளர்வா கட்டுங்க. கழுத்துல மட்டும் வேண்டாம்."

அடுத்த வாரம் திரும்பப் போனோம். சதை சுருங்கி உதிர்ந்திருந்துச்சு. சட்டையில கறை இல்லை. வர்ற வழியிலேயே மாமியார் நகைக்கடையில ஆட்டோவை நிறுத்தச் சொன்னாங்க.